எழுத்துள்ள கல்

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், நாங்கள் கூலிக்குப் போகும் கரும்புக் கொல்லையின் வரப்பில் ஒரு கல் இருந்தது. எங்களுக்கு அது அம்மன். ஆடி மாதம் அம்மா மஞ்சள் பூசி, புடவை சுற்றி, கண்ணாடி வளையல் வைப்பாள்.

அந்த ஆடியில் தம்பிக்கு அங்கே காது குத்துவதாக வேண்டுதல். கல்லைக் கழுவும் வேலை எனக்கு. பழைய மஞ்சளைச் சுரண்டியபோது விரலில் எழுத்து தட்டுப்பட்டது. இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். தண்டனைக்கு ஏற்றும் பெஞ்சில் என்னை ஏற்றி, மற்ற பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார்.

அந்த வாரமே கள்ளக்குறிச்சியிலிருந்து பழைய எழுத்து படிக்கிற ஒருவர் வந்தார். புடவையை அவிழ்த்துவிட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மீசையும் கத்தியும் வெளியே வந்தன. மாடு ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த ஆளாம்.

அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அப்ப இவ்ளோ நாளா எங்க கொறைய கேட்டுக்கினு இருந்தது யாருங்க?"

படித்தவர் கண்ணாடியைத் துடைத்தார். பதில் சொன்னது கொல்லைக்காரர்.

"எங்க பாட்டன் பூட்டன்தான், வேற யாரு? ஆம்பளைக்குப் பொடவ கட்டிக்கினு இருந்தீங்களே, உங்களுக்கு இன்னா தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் பாட்டன் பூட்டன் பெயர் எதுவும் கல்லில் இல்லை என்று படித்தவர் மெதுவாகச் சொன்னார். கொல்லைக்காரர் காதில் வாங்கவில்லை. கல்லைச் சுற்றி வேலி போடப்போகிறேன், இனி வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் கம்பிவேலிக்குக் குழி தோண்டியது என் அப்பா. கூலிக்குத்தான்.

வேலி மூடும் முன் அம்மா கல்லடியில் ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமி இடம் மாறும்போது அப்படித்தான் செய்வோம். பிறகு ஆற்றுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள்.

"நல்லா பாரு பாப்பா. எழுத்து இருக்குதா?"

இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. நம் அம்மனுக்கு மட்டும் எழுத்தில்லாத கல்லா? அலைந்து தேடி, கீறல் விழுந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். எழுத்து மாதிரியே இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். ஆழத்தில் எறிந்தாள்.

கடைசியில் ஒரு கீறல்கூட இல்லாத மொட்டைக் கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டாள். எங்கள் தெருவில் பிடிமண் போட்டு அதை நட்டு, அதன் முன்தான் தம்பிக்குக் காது குத்தினோம்.

அவன் காது வலித்து அழுதான். நான் ஆற்றில் போன அந்த நல்ல கல்லை நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.