அடுப்பின் இடப்பக்க மூலை

தயிர்ச் சட்டியைக் கழுவும்போது எழும் மண்வாசனை, இன்று மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு என்னைக் கூட்டிச்செல்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா ஓடைக்கரைக் களிமண்ணைக் குழைத்து அடுப்பை மெழுகுவார். அந்த ஈரமண்ணும் விறகுப்புகையும் கொதிக்கும் தேயிலைச் சாயமும் கலந்த மணத்தில்தான் எங்கள் காலைகள் விடிந்தன.

ஒரு மழைக்காலத்தில் அடுப்பின் இடப்பக்க மூலை நாளுக்கு நாள் கரைந்துவந்தது. வீட்டில் சிறுபிள்ளை நான் ஒருத்திதான் என்பதால் பழி என்மேல் விழுந்தது.

"வாயத் தொற. வெளக்கெண்ண குடிச்சாத்தான் நீ மண்ணு திங்கிறத விடுவ," என்று அம்மா என் மூக்கைப் பிடித்தார்.

"அவள விட்டுருங்கக்கா. நாந்தான் தின்னேன்."

ஆறு ஆண்டுகளாகப் பிள்ளைக்கு ஏங்கியிருந்த என் சின்னம்மா, வாசற்படியில் தலைகுனிந்து நின்றிருந்தார்.

அம்மாவின் கை தளர்ந்தது. "எத்தன நாளாடி?"

"ரெண்டு மாசமாத் தள்ளிப்போகுதுக்கா. வெளிய சொன்னா நெலைக்காமப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு."

"அதுக்காக என் அடுப்பையாடி திம்ப?" என்று சொல்லிச் சிரித்த அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அடுப்பை மெழுகியபோது, அந்த மூலையை மட்டும் அம்மா இரண்டு விரற்கடை தடிமனாகப் பூசிவைத்தார்.