அவன் பெயருக்கு நான் கொடுத்த குரல்

மம்பா ஊரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். தார் சுட்டது. துறைமுகத்திலிருந்து சிரம்பான் வரை ஒரு லோரிக்காரர் ஏற்றி வந்திருந்தார். சுவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னவரும் அவர்தான். காலையில் ஒரு ரொட்டி சாப்பிட்டது. அப்புறம் தண்ணீர் மட்டும்.

துறைமுகத்தில் நான் அன்றாடக் கூலி. விடிந்ததும் வாசலில் நிற்போம். குத்தகைக்காரரின் ஆள் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவன் உள்ளே போய் மூட்டை இறக்குவான். அடிக்கடி குரல் வராத பெயரை அடித்துவிடுவார்கள். என் கூட்டாளியின் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று முறை அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நாட்களில் என் பெயர் வரும்போது சும்மா நின்றுவிட்டு, அவன் பெயருக்குக் குரல் கொடுத்தேன். என் பெயரை இரண்டு முறை அடித்தார்கள். வரிசைக் கடைசியில் போய் மறுபடி எழுதிக்கொண்டேன். எந்த ஊரிலும் நிலைத்திருந்தவனில்லை நான், அதனால் அது பெரிதாகத் தெரியவில்லை.

வாசலில் தினமும் தள்ளுமுள்ளு. ஒருநாள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். சரக்கு கப்பலிலேயே கிடந்தது. அதன்பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்தது. இனி வாசலில் கூப்பிடுவது இல்லை, நிரந்தரப் பட்டியல், முறை வைத்து வேலை. நல்ல ஏற்பாடு. கேட்டு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். நாற்பது வயதில் முதன்முதலாக ஓரிடத்தில் நிற்க ஆசை வந்திருந்தது.

பழைய தாள்களில் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று பார்த்து, பட்டியலுக்குப் பெயர் எடுத்தார்கள்.

"உங்க பேர்ல நாள் பத்தலயே அண்ணே," என்றான் கிளார்க்கு. "பாதி நாளு எங்க போயிட்டீங்க?"

எனக்குப் பின்னால் கூட்டாளி நின்றான். "சொல்லிடு மச்சான்," என்று முணுமுணுத்தான்.

சொன்னால் அவன் பெயர் போகும். பிறகு அவன் மனைவி?

"வாய மூடுலா," என்றேன் அவனிடம். கிளார்க்கிடம், "ஜாலான் ஜாலான், ஊர் சுத்தப் போயிட்டேன் தம்பி," என்றேன்.

"நல்லா போனீங்க!" என்று சிரித்தான். அடுத்த பெயர் கூட்டாளியுடையது. பட்டியலில் ஏறியது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இருட்டும்போது தோட்டத்தை அடைந்து, கோயில் மண்டபத்தில் படுத்தேன். மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். அங்கேயும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டுத்தான் வேலைக்கு அனுப்புகிறார்கள்.

"புது ஆளு எழுத உத்தரவு இல்ல," என்றார் பெயர் கூப்பிட்ட மண்டோர். "வங்காளதேசத்து ஆளு ஒருத்தன் காய்ச்சல்ல கெடக்கான். அவன் வர்ற வரைக்கும் அவன் பேருக்கு நிக்கிறியா?"

"நிக்கிறேன் மண்டோரே."

அந்தப் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது. குரல் கொடுத்தேன். ஒரு சாக்கைக் கொடுத்து, செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்க அனுப்பினார்.