தூணில்லாத கூடம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் புனேயில் ஔந்த் பகுதியில் இருக்கும் கோதையின் வீட்டுக்குப் போய், வலது கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு மேலே எழாது.

சென்ற மார்ச் பதினான்கு. பட்டப்பகல். புனேயின் புதிய ஓவிய அருங்காட்சியகம். நூறடி அகலக் கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஊரெல்லாம் அதே பேச்சு. மறுநாள் திறப்பு. முதலில் உள்ளே வரப்போவது முந்நூறு பள்ளிக் குழந்தைகள். கூரை உறுதியானது என்று கையெழுத்துப் போட வேண்டியவள் கட்டடப் பொறியாளர் கோதை.

முதலாளி மகாதேவன் போனில் அவசரப்படுத்தினார்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“இன்னும் அளந்து முடிக்கலைங்க சார்.”

“அதெல்லாம் எப்பவோ அளந்தாச்சும்மா. போட்டுட்டு வா.”

கோயமுத்தூர்க்காரி. மரியாதையாகப் பேசுவாள், மசிய மாட்டாள். போனை வைத்துவிட்டு லேசர் கருவியை எடுத்தாள்.

மணி 3.52. ஒரு சுவரில் கருவியை வைத்து எதிர்ச்சுவரை நோக்கி அழுத்தினாள். முப்பது மீட்டர். சரி. இன்னொரு முறை அழுத்தினாள்.

பதினேழு.

நடுவில் எதுவுமே இல்லை. பேட்டரி கோளாறு என்று மாற்றினாள்.

ஒன்பது.

ஈரச் சிமெண்ட் வாடை... வியர்வை வாடை...

நான்கு.

“யாருங்க?”

அரை.

ஒரு கை தலைமுடியைப் பற்றியது. முகம் தரையில் மோதி, பல் தெறித்தது. தரதரவென்று நடுக்கூடத்துக்கு இழுத்துப்போய் நிறுத்தினார்கள். பல கைகள். ஒருவரும் கண்ணில் படவில்லை. அவள் கைகளை முறுக்கி மேலே தூக்கினார்கள்.

“பக்டோ!” காதருகே இந்தியில் அலறல். பிடி! “சோட்னா மத்!” விட்டுவிடாதே!

கூரை இருபதடி உயரத்தில் இருந்தது. அதன் பாரம் அவள் உள்ளங்கையில் இறங்கியது... முழங்கால் மடிந்தது. இடுப்பில் உதை. நிமிர்ந்தாள். மறுபடி மடிந்தது. மறுபடி உதை.

மடக்...

தோள் எலும்பு.

மணி 4.10. காவலாளி கதவைத் திறந்தார். கோதை மட்டும் நின்றிருந்தாள், கைகள் மேலே.

அவள் கையெழுத்துப் போடவில்லை. வேலை போனால் போகட்டும் என்று மருத்துவமனையிலிருந்தே புகார் எழுதினாள். திறப்பு விழா நின்றது. கூரையைத் துளைத்துப் பார்த்தார்கள். அடியில் போட வேண்டிய கம்பிகளை மேலே போட்டிருந்தார்கள். தாங்கு முட்டுகளைப் பிரித்த அன்றே விழுந்திருக்க வேண்டிய கூரை.

முதலில் போட்டது விழுந்தும் இருக்கிறது, ஏழு தொழிலாளர்கள் மேல். ஏழு பேரும் அங்கேயே செத்தார்கள். செய்தியை அமுக்கிவிட்டு, அதே தவறோடு மறுபடி கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

கணக்குப்படி ஒரு நிமிடம்கூட நிற்க முடியாத அந்த இரண்டாவது கூரை, முட்டே இல்லாமல் பதினோரு மாதம் நின்றிருக்கிறது.