முகம் ஒட்டாத ரொட்டி

பிரிமித்திவா யாருக்கும் எதையும் பாக்கி வைக்க மாட்டாள். எங்கள் ஊர் எல் ஆல்ட்டோவில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பெட்டி பீர் தூக்கிக்கொண்டு போனால், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அது திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் சந்தையில் மானம் கப்பலேறிவிடும். நாங்கள் ஒன்றிரண்டை மறந்ததுபோல நடிப்போம். அவள் நடிக்க மாட்டாள். வாங்கியது திரும்பிப் போகும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவளின் ஒரே மகன் லிம்பருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. நான் அவனுக்கு ஞானத்தாய். அப்பன் முந்தின வருஷம்தான் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிரிமித்திவாவுக்கோ சர்க்கரை, அவளுடையதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இறந்தவர் யாராவது கொடுத்தால்தான் உண்டு. அந்த அழைப்பு வரும்போது பணமும் தயாராக இருக்க வேண்டும்.

பணத்துக்கு வேறென்ன வழி, சாப்பாடு விற்றோம். வீடு வீடாகச் சீட்டு விற்று, ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்து அடுப்பு மூட்டி, மிளகாய்க் கோழி சமைப்பது. சீட்டைக் கொடுத்தால் தட்டு. ஜெபம் சொல்லிப் பிழைக்கும் டோன் கலிஸ்தோ ஒரே சீட்டில் இரண்டு தட்டுக்கு அடி போட்டார்.

"ஐயா, ரெண்டாவது தட்டுக்கும் சீட்டு வேணும்" என்றேன்.

"உன் ஞானமகனுக்காக வயித்தை வாடகைக்கு விட்டிருக்கேன், தாயி. நீதான் எனக்குக் கொடுக்கணும்!"

பிரிமித்திவா அன்று சிரித்தாள். நான் கடைசியாகப் பார்த்த அவளுடைய முழுச் சிரிப்பு அதுதான்.

பல ஞாயிறுகள் சமைத்த பிறகு பணம் தேறியது. அழைப்புதான் வரவில்லை. அதற்குள் கல்லறைத் திருநாள் வந்தது. நண்பகலில் ஆத்துமாக்கள் இறங்கி வரும் என்று வழக்கம்போல அவள் புருஷனுக்கு மேஜை போட்டாள்: கரும்பு, பழம், அவன் விரும்பிய சூப்பு, செத்தவராக நினைத்து மனித உருவத்தில் சுட்டு முகம் ஒட்டிய ரொட்டி. அதே அறையில் லிம்பர் முகம் ஊதிப்போய்ப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் காலி நாற்காலியிடம் பேசினாள்.

"பணம் சேர்ந்துடுச்சு. இனிமே நீதான் பாக்கணும். லிம்பருக்குன்னு பேரைச் சொல்லி யாரையாவது அனுப்பு. சீக்கிரம் அனுப்பு."

பக்கத்தில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த நான் அவள் கையைப் பிடித்தேன். "என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியாடி? செத்தவன்கிட்ட போய் ஆளை அனுப்புன்னு கேப்பாங்களா?"

"தெரியும் அக்கா" என்றாள்.

மேஜைப் பூக்கள் வாடும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து லிம்பர் சிறுநீர் கழித்துவிட்டான் என்று நர்ஸ் வந்து சொன்னபோது நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். மூத்திரத்துக்காக யாராவது இப்படி அழுவார்களா!

அவன் வீடு திரும்பியதும் பிரிமித்திவா கணக்குத் தீர்க்கத் தொடங்கினாள். சீட்டு வாங்கிய வீட்டில் விசேஷச் சமையல் என்றால் உரித்த கோழியோடு போய் நிற்பாள். சிறுநீரகம் கொடுத்த அந்த ஒருவருக்குத்தான் திருப்ப முடியவில்லை. "ஆணா பெண்ணான்னாவது சொல்லுங்க" என்று ஆஸ்பத்திரியில் கெஞ்சினாள். சொல்லக்கூடாதாம். எந்த வாசலில் சாவுக்கான கறுப்புத் துணி தொங்கினாலும் மெழுகுவர்த்தியோடு போய், "எப்போ நடந்துச்சு?" என்று கேட்பாள். சில வீடுகளில் விரட்டினார்கள். எனக்கும் எரிச்சலாக வந்தது. அவளோடு தெருவில் நடக்கவே பயந்தேன்.

மறு வருஷத் திருநாளில், புருஷன் மேஜைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேஜை போட்டாள். மீசை முகம், சடை முகம், குழந்தை முகம் என்று ரொட்டியில் ஒட்டும் முகங்களைச் சந்தையிலிருந்து அள்ளி வந்திருந்தாள். எதையும் ஒட்டவில்லை. ரொட்டி மொட்டையாகக் கிடந்தது. நண்பகலில் டோன் கலிஸ்தோ ஜெபம் சொல்ல வந்தார்.

"பேரைச் சொல்லு தாயி. பேர் சொல்லாம கூப்பிட்டா தெருவுல போற ஆத்துமாவெல்லாம் வந்து பந்தியில உக்காந்துக்கும்."

"தெரியாது ஐயா."

"தெரியாத ஆளுக்கா இவ்வளவு பெரிய ரொட்டி?"

வாசலில் அடிவயிற்றுத் தழும்பைப் பிடித்துக்கொண்டு நின்ற லிம்பர், "என் பேரைச் சொல்லுங்க" என்றான்.

பிரிமித்திவா பாய்ந்து அவன் வாயில் அடித்தாள். "உசுரோட இருக்கிறவன் பேரையாடா சொல்ற!"

"அன்னிக்கு நான் தூங்கலம்மா. லிம்பருக்குன்னு சொல்லித்தானே அப்பாகிட்ட ஆள் கேட்ட? அந்தப் பேரைக் கேட்டுத்தானே அவங்க வந்தாங்க. அதைச் சொன்னாத்தான் இன்னிக்கும் வருவாங்க."

டோன் கலிஸ்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு, "லிம்பரின் ஆத்துமாவுக்காக" என்று பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். நாங்கள் மறுமொழி சொன்னோம். லிம்பரும் சொன்னான்.

மூன்று வருஷம் மேஜை போட்டால் போதும். மூன்றாவது வருஷம் ஆத்துமாவைப் பெயர் சொல்லி ஒரேயடியாக வழியனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். அந்த நாளும் வந்தது.

"சொல்லிடு தாயி" என்றார் டோன் கலிஸ்தோ. "பேரைச் சொல்லி, போ, இனி வராதேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

பிரிமித்திவா வாயைத் திறந்தாள். எதிரே லிம்பர் சூப்பு குடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று வருஷம் தாண்டியும், போன வருஷமும் அந்த மேஜையைப் போட்டாள். வெங்காயம் உரித்துக் கொடுக்க நான் போயிருந்தேன். ரொட்டிக்கு இன்னும் முகம் இல்லை.