அரைச் சாண் உள்ளே

இத்தாலியில், மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள பழைய மாளிகையில் நான் மேல்மாடி துடைக்கிறேன். தோட்டம் சூசைதாசனுடையது. அப்படித்தான் அவர் சொல்லுவார், சொந்தக்காரி சிஞோராவாக இருந்தாலும்! மன்னாரில் வலை இழுத்த மனுசன், இங்கே பத்தொன்பது வருடமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறார்.

அந்தத் தோட்டத்தை மேலிருந்துதான் பார்க்க வேண்டும். கேற்றிலிருந்து படிக்கட்டுவரை நேர்ப்பாதை, நடுவில் நீரூற்று, இரு கரையிலும் முழங்கால் உயர வேலிச்செடி. இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே.

போன வருடம் சிஞோரா வலப்பக்கத்தை மொரீஷியஸ்காரன் மூர்கெனிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து சூசைதாசனுக்கு வயிற்றெரிச்சல்.

"அவனுக்குக் கோப்பி குடுக்கிறா. எனக்கு ஒருநாள் தந்தவவோ?"

தந்திருக்கிறாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறாமை பிடித்தவருக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்?

இந்த செப்டம்பரில் சிஞோரா, வேலிச்செடி வெட்டு முடிந்ததும் இருவரில் ஒருவரைத் தலைமைத் தோட்டக்காரர் ஆக்குவதாகச் சொன்னாள். வெட்டுக்கு முன் இரண்டு பக்கமும் அளவுக்கயிறு கட்டுவது மூத்தவர் வேலை. சூசைதாசன் வலப்பக்கத்துக் கயிற்று முளைக்கட்டைகளைப் பாதையோரத்திலிருந்து அரைச் சாண் செடிக்குள்ளே தள்ளி அடித்தார். ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. எங்கட ஆள் அல்லவா, வெட்கம் எனக்கும்தான்.

மூர்கென் கயிற்றை நம்பி வெட்டினான். வெட்டி முடித்த அன்று மத்தியானம் பல்கனிக்கு வந்த சிஞோரா கத்தினாள். வலப்பக்கம் பாதை அகன்று, நீரூற்று இடப்பக்கம் ஒதுங்கி நின்றது.

"யாருடைய பிழை?"

"என்னுடையது," என்றான் மூர்கென். "சூசை கட்டிய கயிறு பிழையாக இருக்காது. நான்தான் ஆழமாக வெட்டிவிட்டேன்."

அந்த இடத்திலேயே பதவி சூசைதாசனுக்கு வந்தது. கூடவே ஒரு கட்டளையும்: அந்தச் செடி மீண்டும் வளர வருடங்கள் ஆகும், ஆகையால் இடப்பக்கத்தையும் அரைச் சாண் வெட்ட வேண்டும். மூன்று நாள், தான் வளர்த்த வேலியைத் தானே வெட்டினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தவன் மூர்கென்.

நாலாம் நாள் அவரிடம் கேட்டேன்: "இனியாவது உண்மையைச் சொல்லலாம்தானே?"

"சொன்னால் அவன் என்னை மன்னிச்சுப்போடுவான், கிளாரா," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "பிறகு இன்னும் நல்லவனாப் போயிடுவான்."