நல்ல நாள் யாருக்கு என்று கேட்ட எஸ்தர் சிஸ்டர்

போனை எடுத்தது என் பேத்தி தேவிகா. பழக்கப்படி வலது காதில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. "ஆயா, எஸ்தர் சிஸ்டர் போயிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றாள். அந்த வலது காது அவளுக்குக் கேட்கிறதென்றால் அதற்கு எஸ்தர் சிஸ்டரும் ஒரு காரணம். அதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. அணைத்த அடுப்பையே மறுபடி போய்ப் பார்க்கிறேன்.

டாக்டராகவும் நர்ஸாகவும் அவரோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்ற உங்களுக்கு அவரைப் பற்றி நான் என்ன சொல்ல? கதவுக்கு வெளியே காத்திருந்தவள் கண்டதைச் சொல்கிறேன்.

கொரோனா காலம். தேவிகாவின் காதில் சீழ் வடிந்து, உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தறி ஓடினாலும் அந்தக் காதுக்குத் தெரியாது. காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து சுத்தம் செய்ய வேண்டும், விட்டால் மூளை வரைக்கும் போகும் என்றார் டாக்டர். நான் பஞ்சாங்கம் பார்த்து, அவள் நட்சத்திரத்துக்குப் பொருந்திய நாளாகக் கேட்டு வாங்கினேன். அந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. எஸ்தர் சிஸ்டர் பார்த்தார், டாக்டரிடம் சொன்னார், ஆபரேஷன் நின்றது.

சளி மூக்கில்தானே, அறுக்கப்போவது காதைத்தானே என்று வார்டு வாசலில் சண்டைக்கு நின்றேன்.

"மூக்குக்கும் காதுக்கும் உள்ளயே வழி இருக்குது ஆயா. இது கொரோனாவா இருந்தா அந்தக் கிருமி காதுலயும் போய் உக்காந்துக்கினு இருக்கும். எலும்பக் குடையும்போது தூளோட தூளா எங்க மேல பறக்கும். பாப்பாவுக்கும் மயக்கத்துல மூச்சு முட்டும்."

நல்ல நாள் போகிறதே என்றேன்.

"பாப்பாவுக்கு நாள் பாத்தீங்க. சுத்தி நிக்கிற எங்களுக்கும் சேத்துப் பாத்தீங்களா? எனக்கு ஜாதகமே கிடையாதே ஆயா."

வார்டே சிரித்தது. நான் யாருக்கும் வாய் அடங்குகிறவள் அல்ல. ஆனாலும் அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

காத்திருந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் சிஸ்டர் போன் செய்வார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கேட்பார். "இதுல எது வந்தாலும் நேரா தூக்கிக்கினு வாங்க. அப்ப சளி இருக்குதான்னு பாக்க மாட்டோம். எங்க பாடு எங்களோட" என்பார். அதைக் கேட்ட பிறகு இருந்த தூக்கமும் போயிற்று.

சளி நின்று, பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு ஆபரேஷன் நடந்தது. அன்று அஷ்டமி. தெரிந்தேதான் கூட்டிப்போனேன். வெளியே வந்த சிஸ்டரின் கன்னங்களில் முகக்கவசம் அழுத்திய கோடு சிவந்து கிடந்தது. "இனிமே தறி சத்தத்துல பாப்பா தூங்கலன்னு எங்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருதயம்தான் என்கிறார்கள். இருக்கட்டும். கொரோனாவுக்குப் பரிசோதனை என்ற ஒன்றே வராத நாட்களில் அவர் எத்தனை காதுகளுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார், எவ்வளவு கிருமியை உள்ளே வாங்கியிருப்பார் என்று மனம் சுற்றிச் சுற்றி வருகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கூட்டம் நெருக்கியடித்தது. உள்ளே வந்து முகம் பாருங்கள் என்று அவர் மகள் கையைப் பிடித்தாள். "எனக்குச் சளி இருக்குதும்மா" என்று கையை விடுவித்துக்கொண்டேன். கடைசியாக ஒரு தரம் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது. அவரைச் சுற்றி நின்றவர்களுக்கும் சேர்த்துப் பார்த்துத்தான் நான் தெருவில் நின்றேன்.