மடி கரைக்கு வரும்போது

அருளப்பு கேட்டது நாளுக்கு அரை மணித்தியாலம். காலை வலை கரைக்கு வந்து, மீன் லொறி புறப்பட்ட பிறகு, பகல் சோற்றுக்கு முன்னால். அந்த நேரத்தில் தெற்குக் கயிற்றுக்காரர் எட்டுப் பேரும் போட்டிக்குக் கயிறிழுத்துப் பழக வேண்டும்.

"விடியத்தொட்டு இழுக்கிற கயிறு காணாதாமா? விளையாட்டுக்கும் கயிறா?" என்றார் வலையின் சொந்தக்காரர் கிளைட்டன்.

"அது தொழில், முதலாளி. இது எங்கட."

கிளைட்டன் வலையைக் கையால் காட்டினார். "சரி. ஆனா என்ட மடி ஒருநாள் கிழிஞ்சாலும் அன்றோட உங்கட விளையாட்டு முடிஞ்சுது."

அவருடைய பயம் நியாயமானது. கரைவலையைத் தெற்கு, வடக்கு என இரண்டு பக்கக் கயிறுகளால் இழுப்பார்கள். மீன் சேருகிற பை போன்ற பின்பகுதிதான் மடி. அது கரையை நெருங்கும்போது இழுவையைத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் பிய்ந்து மீன் போய்விடும். பதின்மூன்று வயதில் கயிற்றைப் பிடித்த அருளப்புவுக்கு இப்போது நாற்பத்தேழு. கடைசி ஆளாக நின்று குரல் கொடுப்பவர் அவர்தான். அவர் குரல் நீண்டால் கைகள் தளரும். யாரும் யோசிப்பதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு அவர்கள் ஊரான மாம்புரியில் உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் விளையாட்டுப் போட்டி மறுபடி தொடங்கியிருந்தது. மூன்று வருடமும் இவர்கள் தோற்றதற்கு அந்தக் கைகளே காரணம். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி தங்கள் பக்கக் கோட்டை நெருங்கியதும் எட்டுப் பேருக்கும் பிடி தளர்ந்துவிடும்.

நாலாவது வருடம், பழகத் தொடங்கிய கிழமையில், படகொன்றைக் கரையேற்ற உதவப் போன இடத்தில் அருளப்பு ஒன்றைக் கவனித்தார். அங்கே கடைசி முழத்தில் ஒருவரும் தளர்வதில்லை. தளர்ந்தால் அலை படகைத் திருப்பி எடுத்துவிடும். அந்த வேலைக்குக் குரலும் வேறு. வெட்டி வெட்டிப் போடுகிற குறுங்குரல். மறுநாள் முதல் விளையாட்டுக்கு அதையே போட்டார். போகப் போக எட்டுப் பேரும் அந்த அரை மணித்தியாலத்தை நினைத்துத்தான் விடியலில் எழும்பினார்கள். போட்டி முடிந்தாலும் அதைக் கைவிட ஒருவருக்கும் மனமில்லை.

போட்டியன்று, மதுரங்குளியில் மூட்டை சுமப்பவர்களின் எதிரணித் தலைவன் மஹ்ரூப் சிரித்தான். "அருளப்பண்ணே, இந்த முறையும் முக்கால்வாசி இழுத்துப்போட்டு மிச்சத்த எங்களுக்குத் தருவீங்கதானே?"

"தாறம், தாறம். கிட்ட வந்து வாங்கிக்கொள்ளுங்க," என்றான் அருளப்புவுக்கு முன்னால் நின்ற யூட்.

முதல் இழுப்பு மூட்டைக்காரருக்கு. இரண்டாவது இவர்களுக்கு. மூன்றாவதில் சிவப்புத் துணி கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அருளப்பு தொண்டை கிழியக் குறுங்குரல் போட்டார். துணி கோட்டைத் தாண்டியது. எட்டுப் பேரும் மல்லாந்து விழுந்து, எழும்ப மனமில்லாமல் மணலில் கிடந்து சிரித்தார்கள்.

மறுநாள், செவ்வாய் காலை. மடியின் மிதப்பு அலைக்குள் தெரிந்தபோது அருளப்பு குரலை நீட்ட வாயைத் திறந்தார். நேற்றைய கத்தலில் தொண்டை கட்டியிருந்தது. குரல் துண்டு துண்டாக உடைந்து, படகுக் குரலைப் போலவே வந்தது. முன்னால் நின்றவர்களின் கைகள் இறுகின. கயிறு விண்ணென்று நின்றது. மடி ஒரு பக்கமாக இழுபட்டுப் புடைத்தது.

முழங்கால் தண்ணீரில் நின்ற கிளைட்டன் திரும்பிப் பார்த்தார்.

குரலை நிறுத்தினால் இழுவை நின்றுவிடும். வடக்குக் கயிறு மட்டும் இழுத்தால் மடி கோணும். மறுபடி கத்தினால் கிழியும். அருளப்பு கயிற்றை விடாமல் யூட்டின் முதுகை ஒட்டி வந்தார்.

"நீ போடு. நீட்டிப் போடு."

"நானா? எனக்கு வராதண்ணே."

"கோயில்ல பாடுற மாதிரிப் போடு."

யூட் போட்டான். சுருதி தப்பியிருந்தது, ஆனால் நீண்டது. முன்னால் யாரோ சிரித்தார்கள். கைகள் தளர்ந்தன. மடி தன் பாரத்தோடு மெல்ல வந்து ஈர மணலில் உட்கார்ந்தது.

கிளைட்டன் குனிந்து மடியின் வலைக்கண்களை ஒவ்வொன்றாகத் தடவினார். எட்டுப் பேரும் கயிற்றைக் கீழே போடாமல் நின்றார்கள். ஒரு கண்ணில் நூல் தேய்ந்திருந்தது. விரலை மாட்டி இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

"போட்டிதான் முடிஞ்சுதே. இன்னும் அரை மணித்தியாலம் கேக்கிறீங்களாமே, என்னத்துக்கு?"

அருளப்பு கட்டிய தொண்டையைத் தொட்டுக் காட்டி யூட்டைப் பார்த்தார்.

"விளையாட, முதலாளி," என்றான் யூட்.

கிளைட்டன் விரலை நூலிலிருந்து எடுத்தார். "அப்ப விளையாட்டில கத்துறது நீயா இருக்கட்டும். அருளப்புட தொண்டை எனக்குத் தொழிலுக்கு வேணும்."